எடைக்குறைப்பு சர்ஜரிக்குப் பிறகு குழந்தை: எப்போது முயலலாம், அதற்குள் எதையெல்லாம் முடிக்க வேண்டும்

2021 ஆகஸ்டில் மதுரையில் எனக்கு கேஸ்ட்ரிக் பைபாஸ் (வயிற்றைச் சிறிதாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கும் எடைக்குறைப்பு சர்ஜரி) நடந்தது. அப்போது வயது 29, எடை 112 கிலோ. கல்யாணமாகி ஐந்து வருஷம். பிசிஓடி (கருமுட்டை சரியாக வெளிவராத ஹார்மோன் கோளாறு) இருந்ததால் மாதவிலக்கு வருஷத்துக்கு மூன்று முறை வந்தாலே பெரிது. சர்ஜரிக்குச் சம்மதித்ததே குழந்தைக்காகத்தான். 2024 மார்ச்சில் மகள் பிறந்தாள்.

இடையில் இருந்த இரண்டரை வருஷத்தில் சர்ஜன் ஒன்று சொன்னார், மகப்பேறு மருத்துவர் வேறொன்று சொன்னார், ஸ்கேன் எடுத்தவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். இவர்களில் யாரும் மற்றவரிடம் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான்தான். அந்த அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு போங்கள்.

1. எத்தனை மாதம் காத்திருப்பது?

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 12 முதல் 18 மாதம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 12 முதல் 24 மாதம் என்கிறது. முதல் வருஷத்தில் எடை மளமளவென்று இறங்கும். அந்த நேரத்தில் உங்கள் உடம்புக்கே சாப்பாடு பற்றாது, அதில் இன்னொரு உயிருக்குப் பங்கு கேட்டால் இரண்டு பேருக்கும் குறைவு. சர்ஜரி முடிந்த கொஞ்ச காலத்திலேயே கர்ப்பமானால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் அபாயம் கூடுகிறது. காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

ஆனால் காலண்டரை மட்டும் பார்க்காதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். 2023 பிப்ரவரியில் 18 மாதம் முடிந்தது, கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். ரத்தம் பார்த்தபோது ஃபெரிட்டின் 9. இரும்புச் சேமிப்பே கிட்டத்தட்ட காலி. மூன்று மாதம் மறுபடி காத்திருந்தேன்.

என் சர்ஜன் கடைசியில் சொன்ன அளவுகோல் எனக்கு மிகவும் பயன்பட்டது. மூன்று மாதமாக எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி இறங்காமல் நிற்க வேண்டும், ரத்த ரிப்போர்ட் ஒழுங்காக இருக்க வேண்டும், சாப்பிடுவது வாந்தியில்லாமல் உள்ளே தங்க வேண்டும். மூன்றும் சேர்ந்த பிறகுதான் மாதக் கணக்கு.

வயது 36, 37 தாண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. கருமுட்டை இருப்பு உங்களுக்காகக் காத்திருக்காது. சர்ஜரிக்கு முன்பே ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு, எத்தனை மாதம் தள்ளலாம் என்று சர்ஜனையும் மகப்பேறு மருத்துவரையும் ஒருசேரக் கேளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் வீட்டில் வரும் கேள்விக்கும் தயாராக இருங்கள். "வெயிட்டுத்தான் குறைஞ்சிருச்சே, இன்னும் என்னம்மா?" என்று என் அத்தை மாதாமாதம் கேட்டார். அன்பில்தான் கேட்டார். ஒருநாள் அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே கேட்க வைத்தேன். அதன் பிறகு உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

2. காத்திருக்கும் காலத்துக்குக் கருத்தடை

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பல வருஷம் குழந்தை இல்லாதவளிடம் கருத்தடை பற்றி யார் பேசுவார்கள்? எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஆனால் எடை குறைய ஆரம்பித்ததும் கருமுட்டை வெளிவருவது திரும்பிவிடுகிறது. எனக்கு நான்காவது மாதத்திலிருந்தே மாதவிலக்கு சரியாக வந்தது. ஏழாவது மாதத்தில் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. கார்டு டெஸ்ட் வாங்கி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். ஐந்து வருஷம் வேண்டிக்கொண்ட ஒன்று இப்போது வந்துவிடக் கூடாதே என்று பயந்த இரவு அது. டெஸ்டில் ஒரு கோடுதான் வந்தது.

பைபாஸ் செய்தவர்கள் வாய்வழிக் கருத்தடை மாத்திரையை நம்ப வேண்டாம். குடலில் உறிஞ்சப்படுவது குறைவதால் மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். ஸ்லீவ் (குடலைத் தொடாமல் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் சர்ஜரி) செய்தவர்களுக்கும் முதல் மாதங்களில் வாந்தியும் பேதியும் இருந்தால் இதே சிக்கல்தான்.

காப்பர் டி அரசு மருத்துவமனைகளில் இலவசம். எடுத்த உடனேயே முயலலாம், அது பெரிய வசதி. சிலருக்கு உதிரப்போக்கு அதிகமாகும் என்பதால் ஹீமோகுளோபின் ஏற்கெனவே குறைவாக இருந்தால் ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் பற்றிக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியும் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கும் திறன் திரும்ப ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். சிலருக்கு எடையும் ஏறும். குழந்தைக்குத் தேதி குறித்துக் காத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

3. கோப்பு: ஆபரேஷன் நோட்ஸ் இல்லாமல் நகராதீர்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. என்னுடையதில் "பேரியாட்ரிக் சர்ஜரி செய்யப்பட்டது" என்று ஒரே வரி (பேரியாட்ரிக் என்றால் எடைக்குறைப்பு). ஸ்லீவா, சாதாரண பைபாஸா, மினி பைபாஸா என்பதைப் பொறுத்து கர்ப்ப காலத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதே மாறும். குடலில் எவ்வளவு நீளம் தாண்டிவிடப்பட்டது, உள்ளே உருவான இடைவெளிகளைத் தைத்து மூடினார்களா என்பதெல்லாம் ஆபரேஷன் நோட்ஸில்தான் இருக்கும்.

மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். ஆதார் நகலும் பழைய ஐபி (உள்நோயாளி) எண்ணும் கொண்டுபோங்கள். மருத்துவக் கவுன்சில் விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னை மூன்று முறை அலையவிட்டார்கள். இந்த விதியைக் கடிதத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் ரசீது முத்திரை வாங்கிய பிறகு மறுநாளே கிடைத்தது. அதே விதிகள் உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள்தான் வைத்திருக்கச் சொல்கின்றன. இரண்டு வருஷம் காத்திருந்து, இரண்டாவது குழந்தை நேரத்தில் போய்த் தேடினால் இருக்காமல் போகலாம். இப்போதே வாங்கிவிடுங்கள்.

கோப்பில் நான் வைத்திருந்தவை: ஆபரேஷன் நோட்ஸ், மாதவாரி எடைப் பட்டியல், எல்லா ரத்த ரிப்போர்ட்டும் தேதி வரிசையில், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், சர்ஜனின் கைபேசி எண். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாள்: "2021இல் கேஸ்ட்ரிக் பைபாஸ். குளுக்கோஸ் குடிக்கும் டெஸ்ட் வேண்டாம். புரூஃபன் வகை வலி மாத்திரை வேண்டாம்." ஒவ்வொரு முறையும் டியூட்டி டாக்டர் மாறும்போது இந்தத் தாள்தான் எனக்காகப் பேசியது.

4. முயல்வதற்கு மூன்று மாதம் முன்பே ரத்தப் பரிசோதனை

கருத்தடையை நிறுத்திய பிறகு பார்ப்பதில் பயனில்லை. குறை தெரிந்தால் சரிசெய்யவே இரண்டு மூன்று மாதம் ஆகும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாரா தைராய்டு ஹார்மோன், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். பைபாஸ் செய்தவர்கள் வைட்டமின் ஏ அளவையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "நல்லாருக்கும்மா" என்று அனுப்புவார்கள். எனக்கு 11.4 இருந்தது, ஃபெரிட்டின் 9. வாய்வழி இரும்பு ஏறாததால் நரம்பு வழியாக ஏற்றினார்கள். இதைக் கர்ப்பத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் முதல் மூன்று மாதம் இரும்பு டிரிப் போட மாட்டார்கள்.

தனியார் லேபில் எனக்கு ஒரு சுற்றுக்கு 6,800 ரூபாய் ஆனது. கர்ப்ப காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும், அந்தப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றை அரசு மருத்துவமனையில் எடுத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு மட்டும் வெளியே போனதால் அடுத்தடுத்த சுற்றுகளில் செலவு குறைந்தது.

5. மாத்திரைகள்: எதை நிறுத்துவது, எதை எப்போது விழுங்குவது

ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். எல்லோருக்கும் 400 மைக்ரோகிராம். பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) இன்னும் 30க்கு மேல் இருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ 5 மில்லிகிராம் எழுதுவார்கள். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் அதிகம் எடுத்தால் ரத்தசோகை மறைந்து நரம்புப் பாதிப்பு தெரியாமல் போகும். அதனால் பி12ஐ முதலில் சரிசெய்யுங்கள். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டேன்.

சர்ஜரிக்குப் பிறகு சாப்பிடும் மல்டிவைட்டமின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். வைட்டமின் ஏ 'ரெட்டினால்' வடிவில் இருந்தால் முயல்வதற்கு முன்பே மாற்ற வேண்டும், அதிக அளவில் அது கருவைப் பாதிக்கும். பீட்டா கரோட்டின் வடிவில் இருந்தால் பயமில்லை. ஆட்டு ஈரலிலும் இதே ரெட்டினால் மிக அதிகம். "ரத்தம் ஊறும், சாப்பிடு" என்று ஊரே கொண்டுவந்து கொடுக்கும். ரத்தத்துக்கு நாம் வழக்கமாகச் சாப்பிடும் சுவரொட்டி மண்ணீரல், அது வேறு. கறிக்கடையில் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள், ஈரல் வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள்.

எடைக்காக செமாகுளுடைடு ஊசி போடுபவர்கள் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். பிபி, கொழுப்பு மாத்திரைகளில் சில கர்ப்பத்துக்கு ஆகாதவை, பட்டியலை டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

கால்சியம் 'சிட்ரேட்' வடிவில் வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் கொடுப்பது கார்பனேட், அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், பைபாஸ் வயிற்றில் அது குறைவு. இரும்பும் கால்சியமும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு வீண். இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் நான்கு மணி நேரம். நான் விடியற்காலை ஐந்தரைக்குத் தைராய்டு, பதினொரு மணிக்கு எலுமிச்சைச் சாற்றுடன் இரும்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவும் கால்சியம் என்று வைத்துக்கொண்டேன். பதினோரு மணி காபியை அதற்காகவே விட்டேன், காபியும் டீயும் இரும்பைத் தடுக்கும். மாத்திரைச் செலவு மாதம் 1,900 ரூபாய் வந்தது.

புரதம் நாளுக்குக் குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். இரண்டு இட்லியும் சாம்பாரும் வயிற்றை அடைத்துவிடும், புரதம் சேராது. தட்டில் முதலில் முட்டை, மீன், பனீர், சுண்டல், அதற்குப் பிறகு இடமிருந்தால் இட்லி. "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்ற பேச்சு இந்த வயிற்றுக்குப் பொருந்தாது, ஆறு வேளையாகப் பிரித்துத்தான் முடியும்.

6. இரண்டு கோடு வந்த பிறகு

அந்த வாரமே இரண்டு பேருக்கும் சொல்லுங்கள், மகப்பேறு மருத்துவருக்கும் சர்ஜனுக்கும்.

தமிழ்நாட்டில் 12 வாரத்துக்குள் பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்துவிடுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அல்லது நகர்ப்புற சுகாதார நிலையம் மூலமாகச் செய்யலாம், இணையத்திலும் செய்யலாம், 102ஐ அழைத்தும் கேட்கலாம். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், கைபேசி எண் வேண்டும். தனியாரில் பிரசவம் பார்த்தாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவிக்கும் அதுதான் தொடக்கம். பதிவின்போதே பைபாஸ் விஷயத்தைச் சொல்லி அட்டையில் எழுத வையுங்கள், உயர் அபாயக் கர்ப்பம் என்று குறித்துக்கொண்டால் கவனிப்பு கூடும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர் இலவசமாகப் பார்க்கிறார், அதையும் விடாதீர்கள்.

ஒரு வருஷம் முடியும் முன்பே இரண்டு கோடு வந்துவிட்டதா? பதறாதீர்கள். சர்ஜரி ஆகி மாதம் குறைவு என்பது மட்டுமே கருவைக் கலைப்பதற்குக் காரணம் ஆகாது. கண்காணிப்பை இறுக்க வேண்டும், ரத்தப் பரிசோதனை உடனே, ஸ்கேன் அடிக்கடி, உணவு ஆலோசகர் கட்டாயம். அப்படி நல்லபடியாகப் பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

7. குளுக்கோஸ் குடிக்கும் டெஸ்ட்

75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். நம் ஊரில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பது. பைபாஸ் செய்தவர்களுக்கு அவ்வளவு சர்க்கரையும் நேராகக் குடலில் போய் விழும், அதுதான் டம்பிங். ஆறாம் மாதம் எனக்குக் கொடுத்தபோது வேண்டாம் என்றேன். "எல்லாரும் குடிக்கிறதுதான், மடமடன்னு குடிச்சிருங்கக்கா" என்றாள் லேபில் இருந்த பெண். குடித்தேன். கால் மணி நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, பெஞ்சிலேயே சரிந்தேன். கொஞ்ச நேரத்தில் சர்க்கரை 52க்கு இறங்கியது. ரிப்போர்ட்டும் பயன்படவில்லை. என் கோப்பின் முதல் தாளில் அந்த வரி ஏறியது இதற்குப் பிறகுதான்.

மாற்று வழி எளிது. 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள், காலை வெறும் வயிற்றில் ஒருமுறை, மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறை. வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ் இருக்க வேண்டும். 28 ஸ்ட்ரிப் ஆகும். எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

8. மசக்கை, வயிற்று வலி: இந்த இரண்டில் தாமதம் கூடாது

வாந்தி நிற்காமல் போனால் பக்கத்து கிளினிக்கில் உடனே குளுக்கோஸ் ஏற்றுவார்கள். நமக்கு அது ஆபத்தாகலாம். சாப்பாடு குறைந்து வாந்தியும் தொடர்ந்தால் உடம்பில் தயமின், அதாவது பி1, வேகமாகக் காலியாகும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "பைபாஸ் ஆனவள், முதலில் தயமின் போடுங்கள்" என்று நீங்களோ கணவரோ சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சில் குழப்பம் வந்தாலோ அது அவசரம்.

வயிற்று வலி இதைவிட முக்கியம். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருப்பை பெரிதாகும்போது குடல் மேலே தள்ளப்பட்டு, உள்ளே இருக்கும் இடைவெளியில் சிக்கிக்கொள்ளலாம். உள் குடலிறக்கம் என்பார்கள். பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகு, மேல் வயிற்றில் முறுக்கிப் பிடிக்கும் வலி, சாப்பிட்டால் கூடும், கூடவே வாந்தி. ரத்தப் பரிசோதனையும் சாதாரண ஸ்கேனும் சரியாகவே காட்டலாம். வீட்டில் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள், சூட்டு வலி என்று வெந்தயம் கொடுப்பார்கள். அதில் மணிக்கணக்கு போய்விடும். பேரியாட்ரிக் சர்ஜன் இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். தேவையென்றால் கர்ப்பத்திலும் சிடி எடுப்பார்கள், அதற்குத் தயங்காதீர்கள். குடல் அழுகினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

9. இன்சூரன்ஸ்

தனிப்பட்ட பாலிசிகளில் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஒன்பது மாதத்தில் தொடங்கி நான்கு வருஷம்வரை பாலிசிக்குப் பாலிசி மாறும். கர்ப்பமான பிறகு வாங்கினால் அந்தப் பிரசவத்துக்கு உதவாது, சர்ஜரி முடிந்து காத்திருக்கும் காலத்திலேயே வாங்குங்கள். விண்ணப்பத்தில் சர்ஜரியை மறைக்காதீர்கள், ஏஜென்ட் "எழுத வேண்டாம்" என்று சொன்னாலும் எழுதுங்கள். பிறகு க்ளைம் மறுக்கப்பட்டால் நிற்பது நீங்கள்தான், அவர் இல்லை. அலுவலகக் குரூப் பாலிசியில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு இருக்காது, மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

10. பிரசவமும் அதன் பிறகும்

எடைக்குறைப்பு சர்ஜரி செய்ததாலேயே சிசேரியன் தேவையில்லை. எனக்குச் சுகப்பிரசவம், குழந்தை 2.6 கிலோ. ஆறாம் மாதத்திலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேன் எடுத்தார்கள், அது அவசியம்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் வலிக்குப் புரூஃபன், டைக்ளோஃபெனாக் எழுதுவது வழக்கம். பைபாஸ் தையல் இடத்தில் அவை புண் உண்டாக்கும், பாராசிட்டமால் கேளுங்கள். பிரசவ லேகியத்தில் கருப்பட்டியும் நெய்யும் அதிகம். அம்மா ஆசையாகக் கிண்டியதை நெல்லிக்காய் அளவு மட்டும் சாப்பிட்டேன், அதற்கு மேல் போனால் டம்பிங் வந்தது.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் பி12 குறைந்தால் பாலிலும் குறையும், குழந்தையின் நரம்பு வளர்ச்சி பாதிக்கப்படும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளோடு உங்கள் பி12 ஊசி நாளையும் சேர்த்து ஒரே அட்டையில் எழுதிவைத்தால் மறக்காது. எனக்கு அடுத்த ஊசி வரும் செவ்வாய்க்கிழமை.